அரை டீஸ்பூன் எப்படி 12 டீஸ்பூன் ஆனது

சமையல் குறிப்பும் குழந்தைக் கதையும் எழுதி, அதைப் புத்தகமாகக் கொண்டுவரும் ஆசையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டையும் கொண்டுவரப் போய் நான் செலவழித்தது ₹1,22,000. விற்றுத் திரும்பி வந்தது ₹31,000. பணம் போனதைக்கூட ஒரு வழியாகத் தாங்கிக்கொண்டேன். 2018 மார்ச்சில் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டதால் என் குறிப்புகள் ஐந்து வருஷம் என் கையை விட்டுப் போயிருந்தன, அதுதான் இன்னும் ஆறவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் விஷயம் தெரிந்த ஒருவர் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் இதில் முக்கால்வாசி நடந்தே இருக்காது. மதுரையில் அப்படிக் கேட்க யாரைத் தேடிப் போவது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

வார இதழ்களில் வந்தவை, அம்மாவிடம் கேட்டு நோட்டில் எழுதிவைத்தவை எல்லாம் சேர்ந்து 112 குறிப்புகள் இருந்தன. வெளியூர்ப் பதிப்பகம் ஒன்று ‘கூட்டு வெளியீடு’ என்று சொல்லி ₹68,000 கேட்டது. 1,000 பிரதி, 144 பக்கம், நல்ல தாள், மூன்று மாதத்தில் கைக்கு வரும் என்பதெல்லாம் போனில் பேசியதுதான். வந்த தாள் ஒரே பக்கம். அதில் பிரதி எண்ணிக்கை கிடையாது, தேதி கிடையாது, விற்பனையில் எழுதியவருக்கு வரும் பங்கான ராயல்டி எத்தனை சதவீதம் என்பதும் கிடையாது. ‘நூலின் அனைத்து உரிமைகளும் பதிப்பகத்தையே சாரும்’ என்ற வரி மட்டும் தெளிவாக இருந்தது. புத்தகம் வரப்போகிறது என்ற சந்தோஷத்தில் அந்த வரியைப் படித்துவிட்டும் கையெழுத்துப் போட்டேன். முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பினேன்.

அந்தத் தாளில் என்னென்ன இருந்திருக்க வேண்டும் என்று இப்போது சொல்கிறேன். எத்தனை பிரதி, என்ன அளவு, எத்தனை பக்கம், தாள் எத்தனை ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் எண்), ஒட்டு பைண்டிங்கா நூல் தையலா, எந்தத் தேதிக்குள் கைக்கு வரும், மீதிப் பிரதிகள் யார் பொறுப்பில் இருக்கும், ஆசிரியருக்கு இலவசப் பிரதி எத்தனை. ராயல்டி என்றால் அட்டை விலையில் கணக்கா, கடைக்குக் கொடுக்கும் கழிவு போக வந்த தொகையில் கணக்கா என்பது தனியாக எழுதப்பட வேண்டும். தமிழில் 10 சதவீதம் என்பது வழக்கம். ஆனால் ₹200 புத்தகத்துக்கு அட்டை விலைக் கணக்கில் ₹20 வரும், 40 சதவீதம் கழிவு போக என்றால் ₹12 தான் வரும். கணக்கு வருஷத்துக்கு எத்தனை தடவை கொடுப்பார்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். ‘அனைத்து உரிமைகளும்’ என்பதை அடித்துவிட்டு, ‘தமிழில் அச்சு நூலாக, மூன்று ஆண்டுகளுக்கு, இத்தனை பிரதி வெளியிடும் உரிமை’ என்று எழுதுங்கள். மொழிபெயர்ப்பு, மின்னூல், ஒலிநூல் எல்லாம் உங்களிடமே இருக்கட்டும். பணத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். தொடக்கத்தில் ஒரு பங்கு, இறுதி மெய்ப்பில் (அச்சுக்கு முன் பிழை பார்க்கத் தரும் பிரதி) நீங்கள் கையெழுத்துப் போட்டபின் ஒரு பங்கு, பிரதிகளை எண்ணி வாங்கியபின் கடைசிப் பங்கு.

சட்டம் ஒன்று எனக்குக் கைகொடுத்தது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்து ஆண்டுக்குத்தான் என்கிறது. எந்தெந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒழிய, அந்த உரிமை காலாவதியாகிவிடும். என் தாளில் காலம் எழுதாமல் விட்டது அவர்கள் கவனக்குறைவு. அதனால்தான் 2023 மார்ச்சில் என் குறிப்புகள் எனக்குத் திரும்பின. இதை வக்கீல் சொல்லித் தெரிந்துகொண்டபோது நாலு வருஷம் ஓடியிருந்தது. அதுவரை, எழுதியதெல்லாம் நிரந்தரமாகப் போய்விட்டது என்று நினைத்துப் பல இரவு அழுதிருக்கிறேன்.

அச்சுப் பிழைக்கு வருகிறேன். நோட்டில் கையால் எழுதியதை டிடிபி செய்தவர், அதாவது கணினியில் அடித்துக் கொடுத்தவர், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தார். பதிப்பகத்தில் அதை, எல்லாக் கணினியிலும் ஒன்றுபோலத் தெரியும் யூனிகோடுக்கு மாற்றினார்கள். பாமினியில் சாய்கோட்டு விசைதான் ஆய்த எழுத்து. அடிக்கிறவர் 1/2 என்று போட வேண்டிய இடத்தில் மட்டும் ஆங்கில எழுத்துருவுக்கு மாறி அடிப்பார். முழுக் கோப்பையும் மொத்தமாக யூனிகோடாக்கும்போது அந்த எழுத்துரு வித்தியாசம் காணாமல் போய், 1/2 எல்லாம் 1ஃ2 என்று ஆகிவிடும். அதைப் பார்த்த மெய்ப்புத் திருத்துநர், ஆய்தம் தவறுதலாக நுழைந்துவிட்டது என்று நினைத்து அழித்திருக்கிறார். வெங்காய போண்டாவுக்கு அரை கிலோ கடலை மாவு, ‘ஆப்பசோடா 12 டீஸ்பூன்’ என்று அச்சாகி வந்தது. கால் டீஸ்பூன் பெருங்காயம் 14 டீஸ்பூன் ஆகியிருந்தது. இப்படி 43 இடம். எனக்கு இது தெரிந்ததே உசிலம்பட்டியிலிருந்து ஒரு வாசகி போன் செய்தபிறகுதான். “அம்மா, சோடா 12 ஸ்பூனா? சரியாத்தான் போட்டிருக்கீங்களா?” என்று கேட்டார். அவர் கேட்டார், கேட்காமல் போட்டவர்கள் எத்தனை பேரோ. சோடா கூடினால் மாவு எண்ணெயைக் குடித்துக் கறுத்து, வாயில் சோப்புபோலக் கசக்கும், கொதிக்கிற எண்ணெயும் நுரைத்துப் பொங்கும். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை.

இதற்கு மருந்து ஒன்றுதான். அளவில் பின்னத்தை இலக்கத்தில் எழுதவே கூடாது. கால், அரை, முக்கால், ஒன்றரை என்று எழுத்தில் எழுதுங்கள். எந்த எழுத்துரு மாற்றத்திலும் அது சாகாது. கோப்பை ஆரம்பத்திலேயே யூனிகோடில் அடித்துக் கொடுங்கள். அச்சகம் தன் மென்பொருளுக்காக வேறு எழுத்துருவுக்கு மாற்றினால், மாற்றியபின் வரும் மெய்ப்பைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும், அதற்கு முந்தையதை அல்ல. முதல் மெய்ப்பில் எழுத்துப்பிழை பாருங்கள். இரண்டாவதில் எண்களை மட்டும் பாருங்கள். ஒருவர் மூல நோட்டை வாசிக்க, இன்னொருவர் மெய்ப்பில் விரல் வைத்துத் தொடர வேண்டும். நமக்கு மனப்பாடமான குறிப்பில் நம் கண் தப்பைப் பார்க்காது, ஏற்கெனவே தெரிந்ததைத்தான் பார்க்கும். அதனால் விரல் வைப்பவர் சமையல் தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது.

அச்சகத்தின் தப்பு போக, என் தப்பும் இருந்தது. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் என் புத்தகத்தை வைத்துப் பருத்திப்பால் காய்ச்சினாள். “அக்கா, நீங்க எழுதுனபடியேதான் செஞ்சேன், கட்டி கட்டியா வந்துருச்சு” என்று பாத்திரத்தோடு வந்து நின்றாள். என் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். ‘கொதிக்கும் பாலில் இரண்டு கரண்டி அரிசி மாவைச் சேர்த்துக் கிளறவும்’ என்று இருந்தது. மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவது எனக்குக் கைப்பழக்கம், அதனால் எழுதத் தோன்றவில்லை. உலர்ந்த மாவு சூட்டில் விழுந்ததும் வெளிப்பக்கம் உடனே வெந்து பசையாகி மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கும் மாவுக்குத் தண்ணீர் போகாது. அப்புறம் எவ்வளவு கிளறினாலும் உடையாது. ‘கரண்டி’ என்றால் எந்தக் கரண்டி என்பதும் நான் சொல்லவில்லை. அவள் வீட்டில் குழம்புக் கரண்டி.

அந்த ஒரு குறிப்பை நான் ஏழு தடவை திருத்தினேன். இப்போது அச்சில் இருப்பது இப்படி: பருத்திக்கொட்டை 100 கிராம், பத்து மணி நேரம் ஊறவைத்து, தண்ணீர் தெளியும்வரை மூன்று நான்கு தடவை அலசவும். அரைத்து, துணியில் பிழிந்து, மூன்று தடவையாக மொத்தம் 600 மில்லி பால் எடுக்கவும். கருப்பட்டி 150 கிராமைத் தனியாகத் தண்ணீரில் கரைத்து வடிகட்டவும், மண் இருக்கும். பச்சரிசி மாவு 25 கிராமை 100 மில்லி பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைக்கவும். முதலில் பருத்திப்பாலை மட்டும் பச்சை வாசனை போகக் கொதிக்கவைத்து, தீயைக் குறைத்து, மாவுக் கரைசலை நூலாக ஊற்றிக்கொண்டே அடிப்பாகம் வழித்துக் கிளறவும். கெட்டியானதும் கருப்பட்டிக் கரைசல், அரை டீஸ்பூன் சுக்குப்பொடி, மூன்று ஏலக்காய், கடைசியில் தேங்காய்த் துருவல். கூடவே ஓர் எச்சரிக்கை: விதைப்புக்கு விற்கும் கொட்டையில் பூச்சிக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி தடவிச் சாயம் ஏற்றியிருப்பார்கள். அதைத் தொடவே கூடாது, நாட்டுமருந்துக் கடையில் உணவுக்கென்று கேட்டு வாங்க வேண்டும். பச்சைப் பருத்திக்கொட்டையில் காசிபால் என்ற நச்சுப்பொருள் உண்டு, ஆகவே பாலை அரைவேக்காட்டில் இறக்கக் கூடாது. முதல் பதிப்பில் இந்த இரண்டு வரியும் இல்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்று விட்டுவிட்டேன். புத்தகம் ஊரைத் தாண்டிப் போகும் என்று நினைக்கவில்லை.

அளவைப் பற்றி இன்னும் கொஞ்சம். படி, உழக்கு, ஆழாக்கு எல்லாம் ஊருக்கு ஊர் மாறும். அம்மாவின் உழக்கில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து எடை போட்டால் 280 கிராம், குவித்து அளந்தால் 330. கப் என்று எழுதினாலும் சில வீட்டில் 200 மில்லி, சில வீட்டில் 240. மாவை அமுக்கி நிரப்பினால் தளர்வாக நிரப்பியதைவிட 30, 40 கிராம் கூடும். ஒரு கிராம் துல்லியம் காட்டும் சமையல் தராசு ஒன்று வாங்கி, எல்லாவற்றையும் எடையில் எழுதி, பழைய அளவைப் பக்கத்தில் கொடுங்கள். டீஸ்பூன் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் 15 மில்லி என்று முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள். கல் உப்பா தூள் உப்பா, முண்டு மிளகாயா நீள மிளகாயா என்று எழுதாத குறிப்பு பாதிக் குறிப்புதான். ‘பத்து மிளகாய்’ என்றால் ராமநாதபுரம் முண்டில் ஒரு காரம், நீள மிளகாயில் வேறு காரம். ஒவ்வொரு குறிப்பையும், அந்தப் பதார்த்தத்தை அதுவரை சமைக்காத ஒருவரிடம் கொடுத்து, நாம் வாயைத் திறக்காமல் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அவர் எங்கே நிமிர்ந்து நம் முகத்தைப் பார்க்கிறாரோ அங்கே ஒரு வரி குறைகிறது. எஸ். மீனாட்சி அம்மாள் 1951-ல் தன் சமையல் நூலைத் தானே முனைந்து வெளியிட்டார். இன்றும் அது விற்கிறது. அளவும் பக்குவமும் பிசகாமல், அடுப்படி பழகாத பெண்ணும் தொடரும்படி எழுதியதுதான் அதன் பலம்.

பைண்டிங்கிலும் அடி வாங்கினேன். பசை வைத்து ஒட்டும் பர்ஃபெக்ட் பைண்டிங் கதைப் புத்தகத்துக்குச் சரி. சமையல் புத்தகத்தை மேடையில் விரித்து வைப்பார்கள். அது தானாக மூடிக்கொள்ளும், உடனே முதுகை அழுத்தி மடிப்பார்கள், பசை விரிசல் விட்டுப் பக்கங்கள் கொத்தாகக் கையோடு வரும். பாரம் பாரமாக (ஒரே பெரிய தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள் ஒரு பாரம்) மடித்து நூலால் தைத்தபின் ஒட்டினால்தான் தட்டையாக விரியும், உதிராது. பிரதிக்குக் கொஞ்சம் கூடுதலாகும், கொடுத்துவிடுங்கள். உள்தாள் 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ (வழக்கமான வெள்ளை அச்சுத்தாள்) போதும். அட்டை 300 ஜிஎஸ்எம், மேட் லேமினேஷன் கட்டாயம், எண்ணெய்க்கை படும். டெம்மி என்ற வழக்கமான புத்தக அளவில் 16 பக்கம் ஒரு பாரம். 144 பக்கம் ஒன்பது பாரம், 160 பக்கம் பத்து. 150 என்று நின்றால் பாக்கிப் பக்கங்களுக்கும் தாள் காசு போகத்தான் செய்யும். ஒரு குறிப்பு ஒரே பார்வையில் முடிய வேண்டும். பாதியில் பக்கம் திருப்ப மாவுக் கையோடு யாரால் முடியும்?

1,000 பிரதி என்றார்கள், 400 வந்தது. மீதி குடோனில் இருக்கிறது என்றார்கள். “அடுத்த வாரம் அனுப்பிருவோம்மா” என்ற பதிலை ஒன்றரை வருஷம் கேட்டேன். வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம் என்று போனால், ஆயிரம் என்று எந்தத் தாளில் இருக்கிறது என்று முதலில் கேட்டார். கைக்கு வந்த 400-க்குக் கணக்குப் போட்டால் பிரதிக்கு ₹170 ஆகிறது. அட்டையில் விலை ₹150. விற்க விற்க நஷ்டம். அதிலும் 43 பிழைகளுக்குத் திருத்தச் சீட்டு அடித்து ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டித்தான் கொடுத்தேன், நூறு பிரதிக்கு மேல் இலவசமாகவே போனது. இப்படி மாட்டிக்கொண்டவர்கள் ஒன்றை ஞாபகம் வையுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் சிக்கல் எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். போனில் பேசியதையெல்லாம் அன்றே ஒரு மின்னஞ்சலாக ‘நாம் பேசியபடி’ என்று எழுதி அனுப்பி வைத்தால் அது ஆதாரமாக நிற்கும்.

குழந்தைக் கதையை 2019-ல் நானே அச்சடிக்கத் துணிந்தேன். 14 படம், படத்துக்கு ₹1,500, ஆக ₹21,000. அச்சு 500 பிரதிக்கு ₹27,000. ஓவியர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களை அப்படியே அச்சகத்துக்குத் தள்ளிவிட்டேன். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். திரையில் பளிச்சென்று இருந்தது தாளில் மங்கி, கோடெல்லாம் படிக்கட்டுபோல உடைந்தது. படம் அச்சு அளவில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) இருக்க வேண்டும், மூலக் கோப்பாக வாங்க வேண்டும், நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரையச் சொல்ல வேண்டும். அது இல்லாததால் வெட்டும்போது என் கதையின் கொக்குக்குக் கால் போய்விட்டது. திரையின் பச்சையும் நீலமும் ஒளியில் உண்டாவது, அச்சில் நாலு மைதான். அதனால் அந்த வயல்பச்சை சாம்பல்பச்சையாக வந்தது. அந்த நாலு மைக்கான சிஎம்ஒய்கே-யாக மாற்றி, ஒரே ஒரு தாள் அடித்துப் பார்த்தபின்தான் சம்மதம் சொல்ல வேண்டும். சிவகாசிக்கு ஒருநாள் பஸ்ஸில் போய் வந்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்கும். அலைச்சலுக்குச் சோம்பிப் போகவில்லை.

பக்கக் கணக்கும் தெரியவில்லை. நான் கொடுத்தது 26 பக்கம். நடுவில் பின் அடிக்கும் புத்தகம் நாலின் மடங்கில்தான் வரும், கடைசி இரண்டு பக்கம் வெறுமையாக நின்றது. 32 பக்கமாக யோசித்திருந்தால் தாளும் முழுசாகப் பயன்பட்டிருக்கும். 32-ல் தலைப்பு, பதிப்பு விவரம் போகக் கதைக்கு 13, 14 விரிப்பு (எதிரெதிரே விரியும் இரண்டு பக்கம்) கிடைக்கும். ஒவ்வொரு விரிப்பிலும் ஒரு நிகழ்ச்சி, பக்கம் திருப்பத் தூண்டும் ஒரு கேள்வி. எழுத்து 16 முதல் 18 புள்ளி. வாய்விட்டுப் படிக்கப் பழகும் பிள்ளைக்கு ‘ஓடிக்கொண்டிருந்ததைப்பார்த்து’ என்று ஒட்டி அடித்தால் மூச்சு முட்டும், ‘ஓடியது. பார்த்தான்.’ போதும். சொல்லை வரிக் கடைசியில் உடைக்கக் கூடாது. அச்சுக்கு முன் ஏ4 தாளில் மடித்து மாதிரி ஒன்று செய்து, நாலைந்து பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்புகிற பக்கத்தை வெட்டிவிடலாம். படங்களை மறுபதிப்பில், மின்னூலில் பயன்படுத்தும் உரிமை யாருக்கு என்பதை ஓவியரிடமும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவருக்கு மறுபதிப்புக்கு என்ன தொகை என்பதும் அதிலேயே இருக்கட்டும், அவரும் நம்மைப் போல எழுத்தையும் கோட்டையும் நம்பிப் பிழைப்பவர்.

2023-ல் உரிமை திரும்பியதும் என் பெயரிலேயே வெளியிட்டேன். புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. ஆசிரியரே வெளியீட்டாளராக இணையத்தில் விண்ணப்பிக்கலாம். இதற்குப் பணம் கேட்கிறவர்களிடம் கொடுக்காதீர்கள். பழைய பதிப்பகம் வாங்கிய எண்ணைத் திரும்பப் போடக் கூடாது, அது அவர்களுடையது. அச்சு நூலுக்கு ஓர் எண், மின்னூலுக்கு வேறு எண். பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை, ஆனால் இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் ₹500 தான், செய்துவையுங்கள். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியீட்டாளர் 30 நாளுக்குள் தன் செலவில் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாராவுக்கும், மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். என் முதல் பதிப்பு கன்னிமாராவில் இல்லை. கேட்டு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

இந்த முறை 96 குறிப்பு, 160 பக்கம், பிளேட் இல்லாமல் கோப்பிலிருந்தே அடிக்கும் டிஜிட்டல் அச்சில் 150 பிரதி மட்டும். ஆஃப்செட் அச்சில் பிளேட் (அச்சுத் தகடு) செலவும் ஓட்டத்துக்கு முந்தைய தாள் சேதாரமும் நிலையானவை, அதனால் 500-க்கு மேல் போனால்தான் கட்டுப்படியாகும். நமக்கு விற்குமா என்று தெரியாதபோது பிரதிக்குக் கூடுதலாகக் கொடுத்துக் குறைவாக அடிப்பதே லாபம். பிரதிக்கு ₹85 ஆனது, விலை ₹220 வைத்தேன். கடைக்கு 35 சதவீதம் போக ₹143 வருகிறது. தமுக்கம் மைதானத்துப் புத்தகத் திருவிழாவில் தனி அரங்கு எடுக்க நமக்குக் கட்டாது. வேறொருவர் அரங்கில் வைக்கும்போது எத்தனை பிரதி, என்ன கழிவு, விற்காதது எந்தத் தேதியில் திரும்பும் என்று கார்பன் வைத்து எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், தெரிந்தவராக இருந்தாலும். அழ. வள்ளியப்பா குழந்தைகளுக்காக எழுதியது பெரும்பாலும் வங்கி வேலையில் இருந்துகொண்டுதான். எழுத்து வருமானத்தை நம்பி இருக்கிற வேலையை யாரும் விடாதீர்கள், நகையை அடகு வைக்காதீர்கள்.

பிரதிகளைத் தரையில் அடுக்காதீர்கள். ஐப்பசி மழையில் அடிக்கட்டு ஈரம் இழுத்து எனக்கு 30 பிரதி வீணாயின. மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, பாலித்தீன் சுற்றி வையுங்கள். புத்தகம் வந்த அன்றே ஒரு பிரதியின் அட்டையில் ‘திருத்தப் பிரதி’ என்று எழுதித் தனியாக வைத்து, வாசகர் சொல்லும் ஒவ்வொரு பிழையையும் அதிலேயே சிவப்பு மையில் குறித்துவையுங்கள். என் பிரதியில் இதுவரை ஆறு குறிப்பு ஏறியிருக்கிறது. கடைசியாக ஏறியது 61-ஆம் பக்கம். ஜிகர்தண்டாவுக்குப் பாதாம் பிசின் 10 கிராமை ஊறவைக்கச் சொன்ன நான், அது உப்பி நிறையும் அளவுக்கு எவ்வளவு பெரிய பாத்திரம் வேண்டும் என்று எழுதவில்லை. ஒன்றரை லிட்டர் பாத்திரம் என்று இப்போது சேர்த்திருக்கிறேன்.